தருமபுரியிலிருந்து இரண்டு நாள்: தகடூர்க் கோட்டை முதல் பிடதி வாட்டர் ரைடு வரை, 14,000 ரூபாய்க்குள்

நான்கு பேர் கொண்ட குடும்பம். அப்பா, அம்மா, பத்து வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று. சனிக்கிழமை பழைய கோட்டைகளும் கோயில்களும், ஞாயிறு பெங்களூரை அடுத்த பிடதியில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா. சொந்தக் காரோ, தெரிந்தவர் காரோ இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறோம். பேருந்தில் போகிறவர்களுக்கான வழி தனியாகப் பின்னால் வருகிறது.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். பார்க் டிக்கெட் தேதிக்குத் தேதி மாறும். அதனால் பெரியவருக்கு 1,700, குழந்தைக்கு 1,350 என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். முன்பதிவுப் பக்கத்தில் உங்கள் தேதிக்கு வரும் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு டிக்கெட் 6,100. மொத்த ஓட்டம் சுமார் 330 கி.மீ.; லிட்டருக்கு 16 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் வண்டிக்கு 2,100. டோல் 700. ஓசூரில் ஒரு இரவு அறை 1,400. சாப்பாடு, டீ, நொறுக்கு எல்லாம் சேர்த்து 2,200. முதல் நாள் நுழைவு, செருப்பு, பார்க்கிங் சில்லறை 150. பார்க்கில் லாக்கர், பார்க்கிங் 400. கூட்டினால் 13,050. கைக்காவலாக 950 வைத்தால் 14,000.

சனிக்கிழமை முழுக்கப் பார்ப்பதற்கு 150 ரூபாய். பார்க்குக்கு டிக்கெட், லாக்கர், உள்ளே சாப்பாடு என்று 7,400. ஆகவே முதல் நாளில் அதை விடலாமா, இதை விடலாமா என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் பார்க் ஒன்றுதான். அந்த மிச்சமும் அங்கே போய்ப் பிடிப்பதல்ல. வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யும் நான்கைந்து விஷயங்களில் இருக்கிறது.

தேதி குறிப்பது

நாட்காட்டியை எடுத்து நான்கு விஷயம் பாருங்கள்.

இரண்டாம் சனிக்கிழமை வேண்டாம். தருமபுரி அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. அலுவலக விடுமுறை என்று அந்த நாளையே பலரும் தேர்ந்தெடுத்துவிட்டுப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கும் அதே விடுமுறைதான், அங்கே போனாலும் பயனில்லை. வேறு நாளே இல்லை என்றால் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டுப் பாப்பாரப்பட்டி வழியாகப் பாலக்கோடு போங்கள். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று மறைந்த ஊர் அது. அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது.

அடுத்தது தேய்பிறை அஷ்டமி. அன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் பூசணிக்காய் விளக்கு ஏற்ற வரும் கூட்டத்தில் வண்டி நகராது. வழிபாட்டுக்கென்றே போகிறவர்களுக்கு அது நல்ல நாள். ஐந்து இடம் பார்க்கப் புறப்பட்ட குடும்பத்துக்கு அரை நாள் அங்கேயே போய்விடும்.

மூன்றாவது முகூர்த்தம். ஓசூர் லாட்ஜ்களில் முகூர்த்த நாளுக்கு முந்தைய இரவு அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும்.

நான்காவது பள்ளி விடுமுறை. அரையாண்டு, கோடை, தசரா, தீபாவளி விடுமுறை வாரங்களில் பார்க் டிக்கெட்டும் உச்சம், வரிசையும் உச்சம். ஒரே ரைடுக்கு முக்கால் மணி நேரம் நின்றால் ஒரு நாளைக்கு ஐந்து ரைடுதான் தேறும்; கொடுத்த காசு பாதி வீண்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் முதல் தேர்வு ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது, அறை சுலபம். வெயிலின் உக்கிரம் குறைந்திருக்கும். பள்ளி நடக்கும் காலம் என்பதால் பார்க்கிலும் விடுமுறைக் கூட்டம் இருக்காது. ஆடிப்பெருக்கை ஒட்டிய வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; ஒகேனக்கல் போகும் கூட்டம் தருமபுரிச் சாலைகளை நிறைத்துவிடும். இரண்டாவது தேர்வு தை, மாசி: குளிர்ச்சியான காலம்தான், ஆனால் முகூர்த்தம் பார்த்து அறையை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை கோட்டை மலை ஏறுவதை நினைக்கவே வேண்டாம். பாறை மாலை ஐந்து மணிக்கும் கொதிக்கும்.

ஏன் கோட்டை முதலில், பார்க் பிறகு? வாட்டர் ரைடில் நாள் முழுக்க ஆடிய பிள்ளையை மறுநாள் காலையில் மலை ஏற்ற முடியாது. கால் வலிக்கிறது என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடும். மாற்றிப் போட்டால், பார்க் காத்திருக்கிறது என்ற ஆசையே மலையை ஏற வைக்கும்.

வெள்ளிக்கிழமை இரவு: கட்டுச்சோறு

நான்கு பேருக்கு 400 கிராம் அரிசியில் புளிசாதம், 150 கிராம் அரிசியில் தயிர்சாதம் போதும். புளிக்காய்ச்சலை முந்தைய இரவே நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை காய்ச்சி வைத்துவிடுங்கள். சாதம் காலையில் வடித்தது. அதை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, முழுக்க ஆறின பிறகே கிளறி டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும் தண்ணீர் சாதத்தில் சொட்டி, பன்னிரண்டு மணிக்கே வாடை வரும். தயிர்சாதத்துக்குக் குழைத்த சாதத்தில் காய்ச்சி ஆறவைத்த பால் ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விடுங்கள். வண்டிச் சூட்டில் அது மதியத்துக்குள் தானாகத் தோய்ந்து, சாப்பிடும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். தயிராகவே ஊற்றிப் பிசைந்தால் குழந்தைகள் முகம் சுளிக்கிற அளவுக்குப் புளித்துவிடும்.

தண்ணீர் ஆறு லிட்டர். இதில் மூன்று லிட்டர் இரண்டு முதுகுப் பைகளில் பிரித்து மலைக்கு. வேர்க்கடலை மிட்டாய், முறுக்கு, நான்கு எலுமிச்சை, ஒரு சிறு டப்பாவில் உப்பும் சர்க்கரையும்.

சனிக்கிழமை

காலை ஆறரைக்குப் புறப்படுங்கள். சேலம் சாலையில் சுமார் 8 கி.மீ. தள்ளி அதியமான்கோட்டை. காலபைரவர் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிட்டு, அருகிலேயே இருக்கும் சென்றாயப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். பெரும்பாலானோர் தவறவிடும் இடம் இது. மண்டபத்தின் விதானத்தில் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் வண்ண ஓவியங்களாக இருக்கின்றன. உள்ளே வெளிச்சம் குறைவு; கண் பழக இரண்டு நிமிடம் அண்ணாந்தபடி நிற்க வேண்டும். பிறகுதான் உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், சுவரைத் தொடாதீர்கள். பழைய வண்ணம் விரலோடு வந்துவிடும்.

அதே ஊரில் இருக்கும் அதியமான் கோட்டம் என்ற நினைவிடத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையாரும் சிலைகளாக நிற்கிறார்கள். நெல்லிக்கனிக் கதையைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, அந்த மன்னனின் தலைநகரான தகடூர்தான் நம் தருமபுரி என்று சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. ஔவை அதைப் பாடியது புறநானூற்றில் 91ஆம் பாட்டு. போகும் முன் வீட்டில் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டால் போதும், சிலையைப் பார்த்ததும் மீதியைப் பிள்ளையே சொல்லும்.

எட்டரைக்குள் தருமபுரி திரும்பிக் கோட்டைக் கோயில். பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதை மதியத்துக்குத் தள்ளக் கூடாது. மல்லிகார்ச்சுனர் கோயில் நுளம்ப மன்னர்கள் காலக் கட்டடக்கலை. முன்மண்டபத்தில் இருக்கும் தொங்கும் தூணைப் பாருங்கள். அடியில் தரைக்கும் தூணுக்கும் இடையே மெல்லிய இடைவெளி. ஒரு தாளை அல்லது துண்டின் ஓரத்தை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் இழுக்கலாம். குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யுங்கள். எடை முழுவதும் மேலே உத்திரத்தில் எப்படிப் பிடித்து நிற்கிறது என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். கீழே பார்த்துக்கொண்டிருக்கும் கண் தானாக மேலே போகும். காமாட்சி அம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. குழந்தையின் கண் உயரத்துக்கு அவை வசதி. பெரியவர்கள்தான் குனிய வேண்டும்.

அருங்காட்சியகம் ஒன்பதரைக்குத் திறக்கும். இங்கே அவசரப்படாதீர்கள். இந்த நாளின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் இதுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் நடுகற்களின், அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களின் நாடு. அவற்றில் பல இங்கே வரிசையாக நிற்கின்றன. சும்மா நடந்தால் எல்லாம் ஒரே மாதிரி கல்லாகத் தெரிந்து பத்து நிமிடத்தில் பிள்ளைகள் வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு கல்லிலும் நான்கைத் தேடச் சொல்லுங்கள். கையில் என்ன ஆயுதம், வில்லா, வாளா? உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? ஓரத்தில் மாடு இருக்கிறதா, புலி இருக்கிறதா? எழுத்து எங்கே தொடங்குகிறது? மாடு இருந்தால் பெரும்பாலும் ஆநிரைச் சண்டையில் இறந்தவன். கல்வெட்டில் மாட்டு மந்தைக்குத் ‘தொறு’ என்று பெயர். தொறு மீட்டுப் பட்டான் என்றால் மந்தையை மீட்கப் போய் உயிர்விட்டான் என்று பொருள். புலியோடு மல்லுக்கட்டுகிறவன் இருந்தால் அது புலிகுத்திக் கல். பழைய கற்களில் இருப்பது வட்டெழுத்து. நமக்கு வாசிக்க வராது, ஆனால் மொழி தமிழ்தான் என்று சொன்னால் பிள்ளைகள் ஓர் எழுத்தாவது தெரிகிறதா என்று கல்லோடு ஒட்டி நின்று தேடும். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடித்த ஒரு கல்லை வரையச் சொல்லுங்கள்.

பதினொன்றரைக்குப் புறப்பட்டால் பாலக்கோடு வழியாக ராயக்கோட்டை சுமார் 45 கி.மீ. வழியில் நிழல் பார்த்துக் கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். சாப்பிட்டதும் மலை ஏறக் கூடாது, குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஓய்வு. மூன்றரைக்கு ஏறத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

ராயக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் மலைக்கோட்டை. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து பாராமகாலுக்கு (தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயர்) இறங்கும் கணவாய்ப் பாதையைக் காத்து நின்றது. மூன்றாம் மைசூர்ப் போரில் 1791இல் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, இதைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் திப்பு சுல்தானின் கையை விட்டுப் போனது. மேலே நின்று இரண்டு பக்கமும் பார்த்தால், இந்த ஒரு மலைக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது விளக்காமலே புரியும். மதிலையும் கவனியுங்கள். பாறை செங்குத்தாக இருக்கும் பக்கம் சுவரே தேவைப்பட்டிருக்காது. ஏறக்கூடிய சரிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கல்லை அடுக்கியிருப்பார்கள்.

குழந்தைகளோடு ஏற ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். செருப்பு வேண்டாம், பிடிப்பு உள்ள ஷூ. மேலே கடை கிடையாது. குரங்குகளின் கண்ணில் தின்பண்டப் பை படக் கூடாது. பிளாஸ்டிக் கவரின் சலசலப்புக்கே ஓடிவரும். சுனைகளில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். பாசி பிடித்த விளிம்பு வழுக்கும், ஆழமும் கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் ஏறாமல் திரும்புவதே சரி. எவ்வளவு உயரம் போயிருந்தாலும் ஐந்தேகாலுக்கு இறங்கத் தொடங்கிவிடுங்கள். இறங்குவதில்தான் கால் சறுக்கும், அதுவும் இருட்டில்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் இதற்குப் பதிலாகத் தங்கள் ஊர் சையத் பாஷா மலைக் கோட்டையை விடியற்காலையில் ஏறிவிட்டு நாளைத் தொடங்கலாம். 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலப் படையால் அதன் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் போனது. சரிவைப் பார்த்தால் காரணம் தெரியும்.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் சுமார் 30 கி.மீ. இரவு அங்கேயே தங்குங்கள். தருமபுரி திரும்பினால் அறைவாடகை மிச்சம்போலத் தோன்றும். ஆனால் சனி இரவும் ஞாயிறு காலையும் சேர்த்துச் சுமார் 100 கி.மீ. கூடுதல் ஓட்டம், அதற்கான எரிபொருளும் டோலும், இரண்டு மணி நேரத் தூக்கமும் போகும். அறை கேட்கும்போது வாடகை 24 மணி நேரக் கணக்கா, மதியத்தோடு முடிகிறதா, குழந்தைகளுக்குக் கூடுதல் மெத்தைக் காசு உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, காலை ஆறு மணிக்கு வெந்நீர் வருமா என்று போனிலேயே கேளுங்கள். பெரியவர்கள் இருவரின் ஆதாரும் வேண்டும். ஓசூர் இரவில் குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுங்கள்.

பார்க்: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

குழந்தை டிக்கெட் வயதைப் பார்த்தல்ல, உயரத்தைப் பார்த்து. 85 செ.மீ.க்குக் கீழ் இலவசம், 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம். அதைத் தாண்டினால் பத்து வயதானாலும் பெரியவர் கட்டணம். சுவரில் முதுகை ஒட்டி வெறுங்காலில் நிற்க வைத்து, தலைமேல் ஒரு தட்டையான புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு டேப்பால் அளங்கள். தோராயமாகக் குழந்தை என்று பதிவு செய்துவிட்டால் வாசலில் வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டிவரும். அதே அளவு இன்னொன்றுக்கும் உதவும்: பெரிய ரைடுகள் பலவற்றில் 140 செ.மீ. இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள். வீட்டிலேயே இதைச் சொல்லிவிட்டால் வரிசையின் முனையில் அழுகை இருக்காது.

டிக்கெட்டை ஆன்லைனில் பல நாள் முன்னால் எடுங்கள். முன்பதிவுத் தள்ளுபடி, மூத்த குடிமக்கள் சலுகை, மாணவர் சலுகை இருக்கிறதா என்று பாருங்கள். சலுகையில் எடுத்தால் அடையாள அட்டையின் அசல் கையில் வேண்டும். சனி, ஞாயிறு, திங்கள் மூன்றுக்கும் விலையைப் போட்டுப் பார்த்து, திங்கள் கணிசமாகக் குறைவாக இருந்து லீவும் கிடைத்தால் திட்டத்தை ஞாயிறு–திங்களாக நகர்த்துங்கள். ஞாயிறு அருங்காட்சியகம் திறந்திருக்கும். வரிசை தாண்டும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் இந்தப் பட்ஜெட்டுக்கு வேண்டாம். கூட்டமில்லாத தேதி அந்த வேலையை இலவசமாகச் செய்துவிடும்.

உடை. பருத்தி, ஜீன்ஸ், புடவை, துப்பட்டாவோடு கூடிய சுடிதார் எதற்கும் வாட்டர் ரைடில் அனுமதி இல்லை. நைலான் அல்லது பாலியெஸ்டர் துணிதான். பருத்தி தண்ணீரில் ஊறிக் கனத்து உடலை இழுக்கும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். அங்கே போய் வாங்கினால் நான்கு பேருக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஊரிலேயே பாலியெஸ்டர் டீசர்ட், நைலான் அரைக்கால் சட்டை, பெண்களுக்கு அதே துணியில் லெக்கிங்ஸோடு நீளமான டாப் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு துண்டு, ஈரத்துணிக்கு இரண்டு பெரிய பை. நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். கைக்குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு. அதனால் ஓசூரில் ஏழு மணிக்கே டிபன் முடித்துவிட்டு, இட்லி ஒரு பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். நுழைவதற்குச் சற்று முன் கார் பார்க்கிங்கில் அதைச் சாப்பிட்டால் உள்ளே ஒரு வேளை மட்டும் வாங்கினால் போதும்.

ஞாயிறு

ஏழே முக்காலுக்குக் கிளம்பி, எலெக்ட்ரானிக் சிட்டியில் நைஸ் ரோட்டைப் பிடித்து மைசூரு சாலையில் இறங்குங்கள். நைஸ் ரோடு தனியார் டோல், சில்லறைப் பணம் கையில் இருக்கட்டும். மைசூரு சாலையில் ஒரு கண்ணி உண்டு. நடுவில் ஓடும் விரைவுச்சாலையில் ஏறிவிட்டால் டோலும் கட்டி, பிடதியையும் தாண்டிப் போய்விடுவீர்கள். தொடக்கத்திலிருந்தே சர்வீஸ் ரோட்டில் ஓட்டுங்கள். பைக்கில் வருகிறவர்களுக்கு வேறு வழியே இல்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு நடுப்பாதையில் தடை.

வாட்டர் ரைடுகள் நண்பகலை ஒட்டித்தான் திறக்கும். கேட் திறந்ததும் கூட்டம் வாசலுக்கு அருகில் இருக்கும் ரைடுகளில் மொய்க்கும். நீங்கள் கடைசிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள். சுற்றும், தலைகீழாகும் ரைடுகளை இந்த நேரத்திலேயே முடித்துவிட வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறினால் வாந்தி நிச்சயம். சின்னவனை ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றவர் பெரியதோடு ஏறுவது, அடுத்ததில் மாறிக்கொள்வது. வாட்டர் ரைடு திறந்ததும் உடைமாற்றி ஒரே லாக்கரில் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். மதியச் சாப்பாட்டை இரண்டரைக்குத் தள்ளினால் உணவுக்கூட வரிசை குறைந்திருக்கும். குழந்தையின் உதடு நீலம் பாய்ந்து நடுங்கினால் அரை மணி வெயிலில் உட்கார வைத்துத் துவட்டுங்கள், ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்ற கெஞ்சலுக்கு இளகாதீர்கள். நான்கு மணிக்கு உலர்ந்த உடைக்கு மாறி, சின்னவனுக்கான ராட்டினங்களோடு நாளை முடிக்கலாம்.

பேருந்தில் வருகிறவர்களுக்கு: ஓசூரிலிருந்து பெங்களூர் பேருந்தில் பொம்மசந்திராவில் இறங்கினால் மெட்ரோ மஞ்சள் தடம். ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கும், மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாறிக் கெங்கேரி பேருந்து நிலைய நிறுத்தத்தில் இறங்கி, பிடதி பக்கம் போகும் பேருந்து பிடிக்க வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரம் வையுங்கள். நம் ஊர் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; ஆனால் கர்நாடகத்தின் சக்தி திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும். நம் ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கத்தான் சொல்வார்கள்.

திரும்பும்போது ஐந்தரைக்குள் வண்டி பார்க்கை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஞாயிறு மாலை மைசூருவிலிருந்து பெங்களூர் திரும்பும் வண்டிகள் எல்லாம் அதே சாலையில்தான். வெளிச்சம் இருந்தால் ஹாரோஹள்ளி, ஜிகணி, ஆனேக்கல் வழியாக அத்திபெலே வந்து நெரிசலையும் நைஸ் டோலையும் சேர்த்துத் தவிர்க்கலாம். இருட்டிவிட்டால் நைஸ் ரோடே மேல். ஓசூர் தாண்டியதும் சூளகிரியில் ஒரு டீ, கிருஷ்ணகிரியில் இரவுச் சாப்பாடு. ஓட்டுகிறவருக்குக் கண் சொருகினால் அங்கேயே இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டு எடுங்கள். பத்தரைக்குச் சேர வேண்டிய வீட்டுக்குப் பதினொன்றுக்குச் சேரலாம். ஈரத்துணிப் பையை அன்றிரவே பிரித்து உலர்த்திவிடுங்கள்.